கதவு சாத்தப்பட்ட பிறகு: ‘சைக்கோ’வும் முதல் பார்வையும்

குற்றத்தை மையமாகக் கொண்ட திரைப்படங்கள் தம் பார்வையாளரிடம் ஒரே ஒருமுறை மட்டுமே முழுமையாகச் செல்லுபடியாகக்கூடிய ஒரு சரக்கை விற்கின்றன. கொலையாளி யார், அடுத்துச் சாகப்போவது யார் என்பது தெரியாமல் ஒரு படத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஒருவருக்கு ஒருமுறைதான் கிடைக்கும்; அதன்பின் அதே படத்தைப் பத்து முறை பார்த்தாலும் அந்த அறியாமை திரும்புவதில்லை. இவ்வகைப் படங்களுள் செவ்வியல் தகுதி பெற்றவற்றுக்கு இது கூடுதல் சிக்கலாகிறது. ஒரு படம் புகழ்பெறப் பெற அதன் முடிச்சு ஊரறிந்த ரகசியமாகிவிடுவதால், பிற்காலத் தலைமுறையினர் அதை முதன்முறையாகப் பார்க்க உட்காரும்போதே பாதி பார்த்தவர்களாக உட்காருகின்றனர். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1960இல் வெளிவந்த ‘சைக்கோ’ இந்தச் சிக்கலின் மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு. படத்தைப் பாராதவர்கூடக் குளியலறைத் திரைக்குப் பின்னால் தெரியும் நிழலையும், கத்தி ஏந்திய கையையும், வயலின்களின் கிறீச்சொலியையும் அறிந்திருக்கின்றனர். அவ்வாறு அறிந்திருப்பவருக்கு முதல் பார்வை என்று ஒன்று எஞ்சியிருக்கிறதா, எஞ்சியிருந்தால் அது 1960இன் பார்வையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பவை ஆராயத்தக்க வினாக்கள்.

இந்த வினாக்களை அணுகும் முன், 1960இன் அந்த முதல் பார்வை இயல்பாக அமைந்த ஒன்றல்ல என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அது திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஒரு வணிக ஏற்பாடு. அன்றைய அமெரிக்கத் திரையரங்குகள் பலவற்றில் ‘தொடர் காட்சி’ முறை வழக்கில் இருந்தது. முதன்மைப் படம், செய்திப்படம், கார்ட்டூன், பல இடங்களில் இரண்டாவது படம் ஒன்று என எல்லாம் சுழற்சியாக ஓடிக்கொண்டே இருக்க, டிக்கெட் வாங்கியவர் எந்த நேரத்திலும் உள்ளே நுழைந்து, படத்தின் பிற்பாதியை முதலிலும் முற்பாதியைப் பின்னரும் பார்த்துவிட்டு, தாம் நுழைந்த கட்டம் திரும்ப வந்ததும் எழுந்துபோவது சாதாரணமாக இருந்தது. பகல் காட்சி, மாலைக் காட்சி, இரவுக் காட்சி என்று மணி குறித்து டிக்கெட் கிழித்த தமிழ்நாட்டுத் திரையரங்குகளை அறிந்த வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். முடிவைப் பார்த்துவிட்டுத் தொடக்கத்தைப் பார்ப்பதில் அந்தப் பார்வையாளர்கள் குறையேதும் கண்டதாகத் தெரியவில்லை. திரைப்படத்தின் முடிவு காக்கப்பட வேண்டிய பொருள் என்ற எண்ணமே அந்த முறையில் அழுத்தம் பெறவில்லை.

‘சைக்கோ’ 1960 ஜூன் 16 அன்று நியூயார்க்கின் டெமில், பாரனெட் ஆகிய இரு அரங்குகளில் வெளியானபோது இந்தப் பழக்கம் வாசலிலேயே தடுக்கப்பட்டது. படம் தொடங்கிய பிறகு யாரும், எவராக இருப்பினும், உள்ளே அனுமதிக்கப்படமாட்டார்கள் என்ற அறிவிப்பு விளம்பரங்களிலும் நுழைவாயிலிலும் இடம்பெற்றது. கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி நிற்கும் ஹிட்ச்காக்கின் ஆளுயர அட்டை உருவங்கள் நிறுத்தப்பட்டன. வரிசையில் காத்திருப்பவர்களிடம் அவருடைய ஒலிப்பதிவுக் குரல் பேசியது. அரங்கு உரிமையாளர்களுக்கென ஒரு கையேடே அச்சிட்டு வழங்கப்பட்டது. வரிசையை ஒழுங்குபடுத்தும் முறை தொடங்கி, படம் முடிந்ததும் அரை நிமிடம் அரங்கை இருட்டாக வைத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு வரை அதில் இருந்தன. இந்த ஏற்பாட்டுக்கு ஹிட்ச்காக் கூறிய காரணம் எளிமையானது: கதாநாயகியாக விளம்பரப்படுத்தப்பட்ட ஜேனட் லீ படத்தின் பாதிக்குள் இறந்துவிடுவதால், தாமதமாக நுழைபவர் அவருடைய வருகைக்காகவே கடைசிவரை காத்திருக்க நேரும்.

இந்த உத்தி முற்றிலும் அவருடைய கண்டுபிடிப்பல்ல. பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூசோ 1955இல் எடுத்த ‘லே தியபோலிக்’ படத்தின் இறுதியில், முடிவைப் பிறரிடம் சொல்லிவிட வேண்டாம் என்ற வேண்டுகோள் திரையிலேயே தோன்றியது. தமிழ்ப் படங்களுக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும் கதைச் சுருக்கத்தைப் பாதி வரை சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு அழைத்து நிறுத்திக்கொண்டன. ஆனால் அந்த வேண்டுகோளும் இந்த அழைப்பும் பார்வையாளரின் விருப்பத்தைச் சார்ந்தவை. ஹிட்ச்காக்கின் ஏற்பாடோ பார்வையாளரின் நடத்தையையே கட்டுப்படுத்தியது. திரைப்பட ஆய்வாளர் லிண்டா வில்லியம்ஸ், ‘சைக்கோ’வுக்காக வரிசையில் நின்ற கூட்டத்தின் புகைப்படங்களை ஆராய்ந்து, மணி பார்த்து வந்து, வரிசையில் நின்று, ரகசியம் காத்து, ஒன்றுசேர்ந்து அலறுகிற ஒரு புதுவகைப் பார்வையாளர் இங்கே உருவாக்கப்பட்டதாக வாதிடுகிறார். ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, முடிவு தெரியாமல் பார்ப்பதையே முதல் பார்வையின் இலக்கணமாக இன்று கொள்வதில் இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

விமர்சகர்களுக்கும் விலக்கு இல்லை. வெளியீட்டுக்கு முந்தைய சிறப்புக் காட்சிகள் மறுக்கப்பட்டதால் அவர்கள் பொதுமக்களோடு சேர்ந்தே பார்க்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் தொடக்கக்கால மதிப்புரைகள் சிலவற்றில் படிந்திருப்பதாகக் கருத இடமுண்டு. நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி க்ரவுதர் முதலில் தயக்கத்தோடு எழுதிவிட்டு, ஆண்டிறுதியில் அவ்வாண்டின் சிறந்த பத்துப் படங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தார். லண்டனின் அப்சர்வர் இதழில் நீண்டகாலம் எழுதிவந்த சி. ஏ. லெஜூன் படம் முடியும் முன்பே அரங்கைவிட்டு வெளியேறினார். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் லண்டனில் வெளியான மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’, பெண்களைக் கொல்லும் ஒரு தனியனின் கதையை ஏறத்தாழ இதே துணிவோடு சொன்னது. அதை வழக்கம்போல் முன்னதாகவே பார்த்த விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர். படம் விரைவில் அரங்குகளிலிருந்து மறைந்தது, பவலின் தொழில்வாழ்வும் பெரும் அடி வாங்கியது. இரு படங்களின் விதிகளும் வேறுபட்டதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும், தீர்ப்பு எழுதுவோரையும் கூட்டத்தின் நடுவில் உட்காரவைத்தது ஹிட்ச்காக்குக்கு நட்டமாகவில்லை.

பணமும் இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் இருந்தது. ராபர்ட் ப்ளாக் எழுதி 1959இல் வெளிவந்த நாவலைப் படமாக்கப் பாராமவுண்ட் நிறுவனம் விரும்பவில்லை. ஹிட்ச்காக் தம் சொந்த நிறுவனத்தின் வழியே முதலீடு செய்து, தம் வழக்கமான ஊதியத்தைக் கைவிட்டு, அதற்கு ஈடாகப் படத்தின் உரிமையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டார். முந்தைய படமான ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ 40 லட்சம் டாலருக்கு மேல் விழுங்கியிருக்க, இது ஏறத்தாழ 8 லட்சம் டாலரில், அவருடைய தொலைக்காட்சித் தொடரில் பணிபுரிந்த ஒளிப்பதிவாளர் ஜான் எல். ரஸ்ஸல் உள்ளிட்ட குழுவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. ரகசியம் கசிந்தால் இழப்பு அவருடைய பைக்குத்தான். ஆகவே பொய்த் தடயங்கள் தாராளமாகப் பரப்பப்பட்டன. படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநருக்கும் நடிகர்களுக்கும் போடப்படுவதுபோலவே கதையில் வரும் அம்மாவின் பெயரான ‘திருமதி பேட்ஸ்’ எழுதிய நாற்காலி ஒன்று போடப்பட்டது. அப்படி ஒரு நடிகையே இல்லை. ஹிட்ச்காக் தாமே கதை நிகழும் வீட்டையும் விடுதியையும் சுற்றிக்காட்டும் ஆறு நிமிட முன்னோட்டத்தின் இறுதியில், அவர் குளியலறைத் திரையை விலக்கியதும் அலறும் பெண் ஜேனட் லீ அல்லர்; படத்தில் அவருடைய தங்கையாக வரும் வீரா மைல்ஸ்.

இத்தனை பாதுகாப்புக்கும் உரிய பொருள் திரையில் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதை இனிக் காணலாம். ப்ளாக்கின் நாவல் விடுதி உரிமையாளர் நார்மன் பேட்ஸோடு தொடங்குகிறது; அவர் அங்கே நாற்பது வயதுப் பருத்த மனிதர், குடிப்பழக்கம் உடையவர், எந்த வாசகரும் முதல் பக்கத்திலேயே ஐயுறக்கூடியவர். திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோ கதையைக் கதாநாயகி மேரியன் கிரேனிடமிருந்து தொடங்கினார். நார்மன் ஆன்டனி பெர்கின்ஸின் மெலிந்த உடலையும் கூச்சமான சிரிப்பையும் பெற்றார். இந்த இரு மாற்றங்களாலும் படம் முதல் முக்கால் மணி நேரத்துக்கு முற்றிலும் வேறொரு குற்றக் கதையாக ஓடுகிறது. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரம், டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.43 என்று திரை அறிவிக்கும் துல்லியம், ஏதோ ஒரு புலனாய்வுக் கோப்பைத் திறந்துவைப்பதுபோல் இருக்கிறது. கடன்சுமையால் காதலனை மணக்க இயலாத ஓர் அலுவலகப் பெண், வங்கியில் கட்டச் சொல்லித் தரப்பட்ட 40,000 டாலரோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறார். நகரத்துச் சிக்னலில் கார் நிற்கும்போது அவருடைய முதலாளியே சாலையைக் கடக்கிறார். பழக்கத்தால் புன்னகைத்துவிட்டு, உடல்நலமில்லை என்று வீட்டுக்குப் போனவள் இங்கே என்ன செய்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் முகம் சுளிக்கிறார். சாலையோரத்தில் உறங்கும் அவரைக் கறுப்புக் கண்ணாடி அணிந்த காவலர் எழுப்புகிறார், பழைய கார் விற்பவரிடம் அவசரப்பட்டு 700 டாலர் கொடுப்பதைச் சாலைக்கு அப்பால் நின்று அதே காவலர் கவனிக்கிறார். பிறர் தம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவர் கற்பனை செய்யும் குரல்கள், காரோட்டும் முகத்தின் மீது ஒலிக்கின்றன.

இந்தப் பகுதியின் நோக்கம் பார்வையாளரைக் குற்றத்தின் பங்காளியாக்குவது. மேரியன் பிடிபடுவாரா என்பதே கேள்வியாக முன்வைக்கப்படும்போது, பிடிபடக் கூடாது என்று விரும்பாத பார்வையாளர் அரிது. ஹிட்ச்காக் ‘மெக்கஃபின்’ என்று அழைத்த ஒன்று உண்டு. கதாபாத்திரங்கள் உயிரைக் கொடுத்துத் துரத்தினாலும், கதையை நகர்த்துவதற்கு அப்பால் பார்வையாளருக்குப் பொருட்டாக வேண்டியிராத பொருள் அது. அந்த 40,000 டாலர் அத்தகைய மெக்கஃபின் என்பது படம் பாதியைக் கடக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. விடுதி அறையில் மேரியன் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போடுகிறார்: நாற்பதாயிரத்தில் எழுநூறு போனால் எவ்வளவு தேறும், தம் சேமிப்பிலிருந்து எவ்வளவு ஈடுகட்ட வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டவரின் கணக்கு அது. தாளைக் கிழித்துக் கழிப்பறைக் கோப்பையில் போட்டு நீரூற்றுகிறார். அன்றைய அமெரிக்கத் திரையில் கழிப்பறைக் கோப்பையைக் காட்டுவதே அநாகரிகமாகக் கருதப்பட்டது. பிறகு குளிக்கத் தொடங்குகிறார். ஒரு திருட்டுக் கதை தன் ஒழுக்க முடிவை எட்டிவிட்டது. குற்றவாளி மனம் திருந்திவிட்டார். இனி ஊர் திரும்புவதுதான் பாக்கி.

அந்தக் குளியலின்போதே அவர் கொல்லப்படுகிறார். அந்தக் கொலைக்காட்சியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். படமாக்க ஏழு நாட்கள், எழுபதுக்கு மேற்பட்ட கேமரா நிலைகள், ஐம்பதுக்கு மேற்பட்ட வெட்டுகள், ரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பாகு, கத்தி பாயும் ஒலிக்கு முலாம்பழம் என்ற விவரங்கள் படத்தைவிடப் பரவலாகத் தெரிந்தவை. 2017இல் இந்த ஒரு காட்சியைப் பற்றி மட்டுமே ஒரு முழுநீள ஆவணப்படம் வெளிவந்தது. இந்த விவரங்களில் இங்கே தேவைப்படுபவை இரண்டு மட்டுமே. கதைப்படி அம்மாவின் உருவில் கொல்பவர் நார்மனே என்றாலும், கத்தியை ஏந்திய உருவம் ஆன்டனி பெர்கின்ஸ் அல்லர். அந்த நாட்களில் அவர் ஒரு நாடக ஒத்திகைக்காக நியூயார்க்கில் இருந்தார், மாற்று நடிகை ஒருவர் அந்த உருவத்தை ஏற்றார். அம்மாவின் குரலைப் பல நடிகர்கள் பேசினர், அவர்களுள் ஒருவர் ஆண். ஆகவே கண்ணுக்கும் காதுக்கும் படம் தந்த தடயங்கள் நேர்மையற்றவை என்று வாதிடலாம், ஆனால் அவற்றைக் கொண்டு முன்கூட்டியே முடிவைக் கண்டுபிடிப்பது 1960இன் பார்வையாளருக்குக் கடினமாக இருந்தது. இரண்டாவது, இந்தக் காட்சிக்கு இசை வேண்டாம் என்றே ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு முழுப் படத்துக்கும் இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் தாமே எழுதிவைத்திருந்ததைக் கேட்ட பிறகு மனம் மாற்றிக்கொண்டார். இன்று படம் பாராதவரும் அறிந்திருக்கும் கிறீச்சொலி, இயக்குநரின் திட்டத்தில் இல்லாத ஒன்று.

கொலையைக் காட்டிலும், அது முடிந்தபின் வரும் ஏறத்தாழப் பத்து நிமிடங்களே இப்படத்தின் ஆகச் சிறந்த பகுதி. பேச்சு அநேகமாக இல்லை. நார்மன் ஓடிவந்து எட்டிப்பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கும்போது சுவரில் மாட்டியிருந்த பறவைப் படம் ஒன்று கீழே விழுகிறது. வெளியே போய் வாளியும் துடைப்பமும் கொண்டுவருகிறார். உடலைக் குளியலறைத் திரையில் சுற்றுகிறார். கைகளில் படிந்த ரத்தத்தைத் தொட்டியில் கழுவி, கழுவிய தொட்டியையும் கழுவுகிறார். தொட்டியின் விளிம்பு, சுவர், தரை என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே அறைக்குள் பின்னோக்கி நகர்கிறார். பழக்கப்பட்ட வேலையைச் செய்யும் வீட்டுக்காரரின் ஒழுங்கு அதில் இருக்கிறது. மேரியனின் உடைமைகளைப் பெட்டியில் திணித்து, எதையும் விட்டுவிடவில்லையே என்று மீண்டும் உள்ளே வந்து நோட்டமிட்டு, மேசை மீதிருந்த மடித்த செய்தித்தாளைக் கண்டு, அதையும் எடுத்துக் கார் டிக்கியில் எறிகிறார். பணம் அந்தச் செய்தித்தாளுக்குள் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. முக்கால் மணி நேரமாகப் பார்வையாளர் தம் மூச்சைப் பிடித்துக் காத்துவந்த 40,000 டாலர், குப்பையோடு குப்பையாகப் போகிறது.

அடுத்து, காரைச் சதுப்புக்குழியில் தள்ளும் காட்சி. வெள்ளை நிறக் கார் மெல்ல மூழ்கி, பாதிக்கு மேல் இறங்கிய நிலையில் சட்டென்று நின்றுவிடுகிறது. நார்மன் இங்குமங்கும் பார்க்கிறார். சில விநாடிகளே நீடிக்கும் அந்த நிறுத்தத்தில் அரங்கிலிருப்போர் அனைவரும் கார் மூழ்கிவிட வேண்டும் என்று விரும்புவதை ஹிட்ச்காக் ஃபிரான்ஸுவா த்ருஃபோவுடனான நேர்காணலில் விவரித்திருக்கிறார். சற்றுமுன் கொல்லப்பட்டவரின் பக்கம் இருந்த மனம், கொலையை மறைப்பவரின் பக்கம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்த இடமாற்றத்துக்கு அதிர்ச்சி காரணமன்று, பத்து நிமிடத் துடைப்பும் கழுவலுமே காரணம். ஒரு மனிதர் கவனமாக வேலை செய்வதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர், அந்த வேலை முடிய வேண்டும் என்று தம்மையறியாமல் விரும்பத் தொடங்கிவிடுகிறார். கட்டுரையாளர்கள் பலர் இதைப் பார்வையாளரின் ஒழுக்க வீழ்ச்சியாக வருணிப்பது மிகை. அது கதை கேட்பவரின் இயல்பான பழக்கம் மட்டுமே, ஆனால் அந்தப் பழக்கம் எவ்வளவு விலைமலிவானது என்பதை வேறெந்தப் படமும் இவ்வளவு துல்லியமாக அம்பலப்படுத்தவில்லை.

இப்போது இன்றைய முதல் பார்வையாளரிடம் வரலாம். அவர் இரண்டு செய்திகளை அறிந்திருப்பார்: கதாநாயகி குளியலறையில் கொல்லப்படுவார், அம்மா என்பவர் உயிரோடில்லை. பொதுவாக இந்த அறிவு ஓர் இழப்பாகவே பேசப்படுகிறது. ஆனால் ஹிட்ச்காக்கின் சொந்தக் கொள்கையை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு மாறுகிறது. வியப்புக்கும் பதைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவர் வெடிகுண்டு உவமையால் விளக்குவது வழக்கம்: மேசைக்கடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில விநாடி வியப்பு, குண்டு இருப்பது முன்கூட்டியே தெரிந்திருந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் அற்ப விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தால் கிடைப்பது பதினைந்து நிமிடப் பதைப்பு. கொலையாளி யார் என்ற புதிரை மட்டும் நம்பிய கதைகளை அவர் உணர்ச்சியற்ற மூளைப் பயிற்சியாகக் கருதித் தவிர்த்தே வந்தார். அப்படிப்பட்டவர் ‘சைக்கோ’வில் தம் கொள்கைக்கு மாறாக வியப்பின் பக்கம் சாய்ந்து, அந்த வியப்பைக் காப்பாற்றவே அரங்குக் கதவுகளைச் சாத்தவைத்தார். காலம் அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டது. விளைவாக, படம் அதன் இயக்குநரின் கொள்கைக்கு 1960இல் இருந்ததைவிட இன்று நெருக்கமாக இருக்கிறது.

வரவேற்பறைக் காட்சி இதைச் சோதிக்கத் தக்க இடம். மழையில் வந்து சேர்ந்த மேரியனுக்கு நார்மன் சாண்ட்விச்சும் பாலும் கொண்டுவருகிறார். பாடம்செய்த ஆந்தை ஒன்று சிறகு விரித்துச் சுவரிலிருந்து பார்க்க, இருவரும் தத்தம் வாழ்வின் பொறிகளைப் பற்றிப் பேசுகின்றனர். 1960இன் பார்வையாளருக்கு இது ஒரு தனிமையான இளைஞன் ஒரு திருடிக்கு மனமாற்றம் தரும் காட்சி. அதன் பதைப்பு முழுவதும் பணத்தைச் சார்ந்தது. முடிவை அறிந்தவருக்கோ இதே உரையாடல் ஒவ்வொரு சொல்லிலும் இரட்டை எடை கொண்டது. அம்மாவை ஏதேனும் ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்று மேரியன் நல்லெண்ணத்தோடு சொல்லும் நொடியில் நார்மனின் முகம் முன்னே வந்து, குரல் கடினமாகும்போது, மேசைக்கடியில் இருக்கும் குண்டு கண்ணுக்குத் தெரிகிறது. பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுதியவர், எழுந்து போகும்போது தம் உண்மைப் பெயரை மறந்துபோய்ச் சொல்லிவிடுவது, முன்பு ஒரு திருடியின் கவனக்குறைவாக மட்டுமே இருந்தது; இப்போது, உண்மைக்குத் திரும்ப முடிவெடுத்துவிட்டவர் சாவை நோக்கி நடப்பதன் முதல் அடியாகத் தெரிகிறது. அதற்கு முன், மலைமேல் வீட்டிலிருந்து அம்மாவும் மகனும் சண்டையிடும் ஒலி காற்றில் மிதந்துவருவதைச் சன்னலருகே நின்று மேரியன் கேட்கிறார். அறியாதவர் அங்கே இரு மனிதர்களைக் கேட்கிறார். அறிந்தவர் ஒருவரே இருவராகக் கத்துவதைக் கேட்கிறார். அந்தத் தனிமையின் அளவு அவருக்குத்தான் எட்டுகிறது.

உளவியலில் இக்கருத்துக்கு ஓரளவு துணை உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லீவிட், க்ரிஸ்டென்ஃபெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்னரே அறிந்து படித்தவர்கள் அறியாமல் படித்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே அவற்றை ரசித்ததாகக் கண்டனர். துப்பறியும் கதைகளும் இதில் அடங்கும். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சிறுகதை வாசகரின் மதிப்பெண்ணை இருட்டறையில் கூட்டத்தோடு அமர்ந்திருப்பவருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. அந்தக் கூட்டத்தின் ஒருமித்த அலறல் ‘சைக்கோ’வின் 1960 அனுபவத்தில் ஒரு பாதி. அதை மடிக்கணினித் திரை முன் தனியாக அமர்ந்திருப்பவர் எந்நாளும் பெறப்போவதில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்னறிவால் உண்மையிலேயே நலிவடைவது படத்தின் பிற்பகுதி. காணாமற்போனவரைத் தேடி வரும் தங்கையும் காதலனும் செயல்பட வைக்கப்பட்ட பொம்மைகளைப்போல் இருக்கின்றனர்; அவர்களிடம் ஹிட்ச்காக்குக்கே பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. துப்பறிவாளர் அர்போகாஸ்ட் மாடிப்படியில் கொல்லப்படுவதற்கு முன் கேமரா கூரைக்கு ஏறிக்கொள்வது, கொலையாளியின் முகத்தை மறைக்க வேண்டிய கட்டாயத்தை அழகாக மாற்றிய உத்தி என்றாலும், முகத்தை அறிந்தவருக்கு அந்த உத்தியின் தையல் வெளியே தெரிகிறது. எல்லாவற்றிலும் பலவீனமானது, காவல் நிலையத்தில் மனநல மருத்துவர் நார்மனின் நோயை விரிவாக விளக்கும் கட்டம். முதன்முறை அதிர்ந்துபோனவர்களுக்கு அது மூச்சுவிடும் இடைவெளியாகப் பயன்பட்டிருக்கலாம். இன்றைய பார்வையாளருக்கு, தாம் வரும்போதே அறிந்துவந்ததை யாரோ பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது. அதையடுத்து, போர்வை போர்த்தித் தனியறையில் அமர்ந்திருக்கும் பெர்கின்ஸின் முகம் அந்த விளக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் போதாததாக்கிவிடுகிறது.

பிற திரைப்படங்கள் வழியாக முன்னறிவு வந்துசேர்வதும் உண்டு. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் (1980) இப்படத்தின் தாக்கம் சுட்டப்படுகிறது, அதை முன்னரே பார்த்த தமிழ்ப் பார்வையாளர் ‘சைக்கோ’வுக்கு வரும்போது, மூலத்தை அதன் நிழலுக்குப் பின் சந்திக்கிறார். இந்த நிலையையே கலைப்பொருளாக்கியவர் ஸ்காட்லாந்துக் கலைஞர் டக்ளஸ் கார்டன். 1993இல் அவர் காட்சிக்கு வைத்த ‘24 மணி நேர சைக்கோ’, படத்தை ஒலியின்றி, விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு படச்சட்டங்கள் என்ற வேகத்தில், ஒரு நாள் முழுதும் நீளுமாறு ஓட்டிக்காட்டியது. வருபவர்கள் அனைவரும் அடுத்து நிகழப்போவதை அறிந்தவர்களே. அது நிகழும்வரை நிற்கத்தான் யாராலும் இயலாது. பதினைந்து நிமிடக் குண்டு அங்கே இருபத்துநான்கு மணி நேரக் குண்டாகிவிட்டது. ஐந்தாண்டுகள் கழித்துக் கஸ் வான் சான்ட் அநேகமாக ஷாட்டுக்கு ஷாட் அப்படியே, வண்ணத்தில் மீண்டும் எடுத்த ‘சைக்கோ’ தோற்றுப்போனது. ஷாட்களின் வரிசையைப் பிரதியெடுக்கலாம், பெர்கின்ஸின் தயக்கத்தைப் பிரதியெடுக்க முடியாது என்பதோடு, முடிவை அறிந்த பார்வையாளருக்குப் பதைப்பு எங்கே இருக்கும் என்பதை அந்த மறு ஆக்கம் தனியே சிந்தித்ததாகவும் தெரியவில்லை.

எந்தப் பதிப்பை முதன்முறையாகப் பார்ப்பது என்பதும் பொருட்படுத்தத்தக்கது. நெடுங்காலமாக அமெரிக்காவில் புழங்கிய பிரதிகளில் சில விநாடிகள் குறைந்திருந்தன. 2020இல் படத்தின் 60ஆம் ஆண்டையொட்டி யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 4கே வட்டில் அவை மீண்டும் சேர்க்கப்பட்டன: மேரியன் உடை மாற்றும் காட்சி சற்று நீள்கிறது, அர்போகாஸ்டின் மீது கத்தி கூடுதல் முறை இறங்குகிறது, ரத்தம் படிந்த தம் கைகளை நார்மன் பார்க்கும் ஷாட் முன்னைவிட நெடுநேரம் நிற்கிறது. முதலிரண்டும் ஆவண ஆர்வலர்களுக்கு மட்டுமே பயன்படுபவை. மூன்றாவது அப்படியல்ல, கழுவத் தொடங்குமுன் அந்தக் கைகள் கூடுதலாக நிற்கும் ஓரிரு விநாடிகள், அதற்குப் பின் வரும் பத்து நிமிட வேலையின் கனத்தை முன்கூட்டியே நிறுவிவிடுவதால், இதுவரை படம் பாராதவர் அந்தப் பதிப்பிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.